இரண்டு எலும்புகளுக்கு ஓர் இருக்கை

நீல் தீவின் படகுத்துறையில் இறங்கியதுமே வாடகை சைக்கிள்கள் கண்ணில் படும். 2018 டிசம்பரில் இந்தத் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் இன்னும் நீல்தான். அங்கிருந்து சீதாபூர் கடற்கரை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தென்னையும் பாக்கும் காய்கறித் தோட்டங்களுமாகப் போகிற பாதை, பெரிய ஏற்றம் கிடையாது. சைக்கிளில் சுற்ற இதைவிட நல்ல தீவு அந்தமானில் இல்லை என்பேன். ஆனாலும் சீதாபூரில் சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைக் கவனியுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை எழுந்து நின்றபடியே மிதித்து வருகிறவர்கள் சிலர் நிச்சயம் இருப்பார்கள். கால் ஓய்ந்துபோனதால் இல்லை, மூச்சு வாங்குவதாலும் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

சீட் கல்லாக இருக்கிறது என்பார்கள். கடைக்காரர் ஜெல் உறை ஒன்றை மாட்டிக் கொடுப்பார். அடுத்த நாள் வலி இடம் மாறியிருக்கும், போயிருக்காது. சைக்கிள் சீட்டைப் பற்றி நம்மிடையே மிக ஆழமாக வேரோடியிருக்கும் தவறான எண்ணம் இதுதான்: மெத்தென்று இருந்தால் சுகமாக இருக்கும் என்பது. உடலமைப்பு வேறு கதை சொல்கிறது.

நம் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில், புட்டத் தசைக்குள் புதைந்தபடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முண்டுகள் இருக்கின்றன. உடற்கூற்றியலில் இவற்றை இஸ்கியல் டியூபராசிட்டி என்பார்கள். உட்காரும் எலும்புகள் என்றே நாம் சொல்லலாம். மரப் பலகையிலோ படிக்கட்டிலோ நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளங்கையை அடியில் வைத்தால் விரலில் தட்டுப்படும். உடலின் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை இவை. இவற்றுக்கு நடுவே இருக்கும் கவட்டுப் பகுதி எடை தாங்குவதற்கு உரியதல்ல. பியூடெண்டல் நரம்பும் அதோடு சேர்ந்து ஓடும் ரத்தக் குழாய்களும் அந்த வழியாகத்தான் பிறப்புறுப்புக்குப் போகின்றன. நல்ல சீட் என்றால் என்ன என்பதற்கான விடை இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது. எடை இரண்டு எலும்புகள் மேல் நிற்க வேண்டும், நடுவில் விழக் கூடாது.

அந்த இரண்டு எலும்புகளுக்கும் இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். வளர்ந்தவர்களில் பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம். ஆனால் ஒரு ஆணின் அளவு ஒரு பெண்ணின் அளவைவிட அதிகமாக இருப்பதும் சாதாரணம்தான். உடல் பருமனுக்கும் இதற்கும் பெரிதாகத் தொடர்பில்லை. பருத்த உடம்புக்காரருக்கு எலும்புகள் நெருக்கமாக இருக்கலாம், ஒல்லியானவருக்கு அகன்றிருக்கலாம். ஆளைப் பார்த்துச் சீட் எடுத்துக் கொடுப்பது சரிவராது என்பதற்கு இதுவே காரணம். செருப்புக் கடையில் பாதத்தின் அளவு கேட்காமல் செருப்பு விற்பார்களா? இத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் சைக்கிளில் மட்டும் எல்லா உடம்புக்கும் ஒரே அகலத்தில் சீட் வருவதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

அளந்து பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். பார்சல் வரும் அட்டைப் பெட்டியிலிருந்து, உள்ளே நெளிநெளியாக இருக்கும் அட்டையைக் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான ஸ்டூலிலோ திண்ணையிலோ போட்டு, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்காருங்கள். முன்னால் சற்றுக் குனிந்து, பாதங்களைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்துங்கள். அரை நிமிடம் கழித்து எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். சரியாகத் தெரியாவிட்டால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள், அல்லது சாக்பீஸை மேலாகத் தேயுங்கள். ஒரு குழியின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளந்தால் அதுதான் உங்கள் அளவு.

சீட்டின் அகலம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் எலும்புகள் சீட்டின் விளிம்பில் நிற்கக் கூடாது. எவ்வளவு கூடுதல் என்பது நீங்கள் எப்படி உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை எலும்பின் பின்பகுதியில், அவை மிக அகன்று நிற்கும் இடத்தில் இறங்குகிறது. முன்னால் குனியக் குனிய இடுப்பும் சேர்ந்து முன்பக்கம் உருள்கிறது. அப்போது எடை முன்னோக்கி நகர்கிறது. அங்கே இடுப்பெலும்பின் இரு கிளைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன, ஆகவே குறுகிய சீட் போதும். பந்தய பாணியில் குனிந்து ஓட்டுகிறவருக்கு அளவோடு 1 சென்டிமீட்டர் சேர்த்தால் சரியாக இருக்கும். மிதமாகக் குனிகிறவருக்கு 2, நிமிர்ந்து உட்கார்ந்து ஊர் சுற்றுகிறவருக்கு 3 அல்லது 4. உங்கள் அளவு 12 என்றால், அதே உடம்புக்கு ஒரு சைக்கிளில் 13 சென்டிமீட்டர் சீட்டும் இன்னொரு சைக்கிளில் 16 சென்டிமீட்டர் சீட்டும் பொருந்தலாம். நண்பர் புகழ்ந்த சீட்டை வாங்கி ஏமாந்தவர்களுக்கு இப்போது காரணம் விளங்கியிருக்கும்.

இனி மெத்தைக்கு வருவோம். மிருதுவான ஸ்பாஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு இருக்கும் இரண்டு இடங்களும் அமுங்கிக் கீழே போகின்றன. அங்கிருந்து பிதுங்கும் ஸ்பாஞ்ச் எங்கே போகும்? அழுத்தம் குறைந்த நடுப்பகுதியில் மேலெழுந்து நிற்கும். எலும்பு தாங்க வேண்டிய எடையில் ஒரு பங்கைக் கவட்டுப் பகுதி வாங்கிக்கொள்கிறது. முதல் 10 நிமிடம் இதமாக இருக்கும், அரை மணியில் மரத்துப்போகும். ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணில் காட்டியது. ஆண் ஓட்டுநர்களின் பிறப்புறுப்பில் தோல் வழியாக ஆக்ஸிஜன் அளவை அளந்தார்கள். தடித்த மெத்தை வைத்த குறுகிய சீட்டில் ஆக்ஸிஜன் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மிதமான மெத்தை வைத்த, அகன்ற, முன்பக்க மூக்கில்லாத சீட்டில் அந்தக் குறைவு 20 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ரத்த ஓட்டத்தைக் காத்தது சீட்டின் அகலம்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

வலியையும் மரத்துப்போவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீண்ட நாளுக்குப் பிறகு சைக்கிள் ஏறுகிறவருக்கு உட்காரும் எலும்புகளின் மேல் வலிப்பது இயல்பு. இடைவிடாமல் ஓட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் அது பழகிப்போகும். தொட்டால் உணர்ச்சியில்லாமல் மரத்துப்போவது ஒரு நாளும் இயல்பல்ல. நரம்போ ரத்தக் குழாயோ நசுங்குகிறது என்று உடல் சொல்லும் செய்தி அது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பழகப் பார்ப்பது தவறு. இறங்கி ஓய்வெடுத்த பிறகும் மரப்பு நீடித்தால், அல்லது மறுபடி மறுபடி வந்தால், கூச்சப்படாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் நாள் முழுக்க சைக்கிளில் ரோந்து போகும் காவலர்கள் இந்த மரப்பைப் பற்றிப் புகார் செய்தார்கள். தொழில்சார் உடல்நலத்துக்கான அந்நாட்டு ஆய்வு நிறுவனம் அதைக் கையிலெடுத்தது. 90 காவலர்களை, முன்பக்க மூக்கே இல்லாத சீட்டில் 6 மாதம் ஓட்டச் சொன்னார்கள். தொடக்கத்தில் மரப்பே இல்லை என்றவர்கள் 27 விழுக்காடு. முடிவில் அது 82 விழுக்காடாக உயர்ந்தது. இந்த முடிவு 2008இல் வெளியானது. அதற்காக எல்லோரும் மூக்கில்லாத சீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. வளைவில் திரும்பும்போது தொடையால் சைக்கிளைக் கட்டுப்படுத்த அந்த மூக்கு உதவுகிறது. சைக்கிள் ஓட்டினால் ஆண்மை போய்விடும் என்று பயப்படவும் தேவையில்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களை நீச்சல்காரர்களோடும் ஓட்டப் பயிற்சி செய்பவர்களோடும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2018இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பாலியல் நலத்தில் சைக்கிள்காரர்கள் பின்தங்கியிருக்கவில்லை. மரப்பு மட்டும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கும் மேல் எழுந்து நின்று மிதிப்பவர்களுக்கும், ஹாண்டில்பாரைச் சீட்டின் மட்டத்திலோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கும் அந்த மரப்பு குறைவாகவே வந்தது. சீதாபூர் பாதையில் எழுந்து நின்று மிதிக்கிறவர்கள் வலி தாங்காமல் செய்தாலும், உடம்புக்கு நல்லதைத்தான் செய்கிறார்கள். வலிக்கக் காத்திராமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சற்று எழுந்தால் நசுங்கிய இடத்துக்கு ரத்தம் திரும்பிவிடும்.

அந்தமான் நிக்கோபாருக்கு சைக்கிளில் ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் சைக்கிள் பந்தய வரலாற்றில் இந்தச் சின்னத் தீவுக்கூட்டத்தின் பெயர் மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கார் நிக்கோபாரில் மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் உயிரைப் பிடித்து நின்ற 9 வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்ட், பிற்பாடு 500 மீட்டர் சைக்கிள் பந்தயத்தில் ஆசியாவின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவரானார். எசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகல் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில், கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். உலக சைக்கிள் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. மறு ஆண்டு ஜெர்மனியில் அணி விரைவோட்டத்தில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவரும் ஒருவர்.

இவர்களைப் பார்த்து உற்சாகம் கொண்ட இளைஞர்கள் முதலில் செய்வது, வீரர்கள் வைத்திருப்பதைப் போன்ற ஒடுங்கிய, கெட்டியான சீட்டைத் தேடுவது. ஆசை புரிகிறது, ஆனால் கணக்கு வேறு. அணி விரைவோட்டம் மொத்தமே 750 மீட்டர், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரம் முழுக்க வீரரின் கால்கள் பெரும் விசையோடு பெடலைக் கீழே தள்ளுகின்றன. எதிர்விசையில் உடல் மேலே தூக்கப்படுகிறது. எடை சீட்டில் ஏறக்குறைய இறங்குவதே இல்லை. நாம் மெதுவாக, வேடிக்கை பார்த்துக்கொண்டு மிதிக்கும்போது எடையின் பெரும்பகுதி சீட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே மெதுவாகப் போகிறவருக்குத்தான் பொருத்தமான சீட் அதிகம் தேவை.

பந்தயத் தளத்தில் பெண்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் அன்றைய விதிப்படி சீட் ஏறக்குறைய சமமட்டமாக இருக்க வேண்டியிருந்தது, மட்டப்பலகை வைத்துச் சோதித்தார்கள். மிகத் தாழ்ந்து குனிந்து ஓட்டும் வீராங்கனைகளுக்கு இதனால் சீட்டின் மூக்கு மென்மையான பகுதியில் அழுந்தி, புண்ணும் வீக்கமும் வந்தன. நெடுங்காலம் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பிரிட்டிஷ் அணியின் மருத்துவக் குழு வீராங்கனைகளிடம் வெளிப்படையாகக் கேட்டு, சான்றுகளோடு வாதாடிய பிறகு, 2016இல் விதி தளர்ந்தது. மூக்கை 9 பாகை வரை தாழ்த்தலாம் என்றானது. 2012இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வும், ஹாண்டில்பார் சீட்டைவிடத் தாழ்வாக இருந்தால் பெண்களின் கவட்டுப் பகுதியில் அழுத்தம் கூடுவதைக் காட்டியிருந்தது.

எனக்கு இங்கே புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களைப் பெருங்கூட்டமாக சைக்கிள் பழக வைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுகிய சீட், நீண்ட மூக்கு, எட்டாத உயரம் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு தண்ணீர்க் குடம் சுமந்தார்கள், கல்குவாரிக்கு வேலைக்குப் போனார்கள். பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விலையில்லா மிதிவண்டி வந்தது. அத்தனை பெரிய ஏற்பாட்டில், மாணவியரின் உட்காரும் எலும்புகளின் இடைவெளிக்கு ஏற்ப இரண்டு மூன்று அகலங்களில் சீட் தருவது கடினமான காரியமல்ல. சீட் தனியாகக் கழற்றி மாட்டும் பொருள்தான். வலியைப் பற்றி வெளியில் சொல்லக் கூச்சப்படும் வயதில் இருக்கும் ஒரு பெண், காரணம் சொல்லாமல் சைக்கிளை ஓரம் கட்டிவிடுவாள். அவளிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

சரியான சீட் கிடைத்தாலும் அதை மாட்டும் விதம் கெடுத்துவிடும். முதலில் உயரம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போலப் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். சீட் அதிக உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடவலமாக ஆடி, தோல் உராய்ந்து புண்ணாகும். தாழ்ந்திருந்தால் கால் விசை போதாமல் எடை முழுக்கச் சீட்டில் விழும், முழங்காலும் வலிக்கும். வாடகை சைக்கிள்களில் பெரும்பாலும் இந்தத் தாழ்வுதான் கோளாறு. கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று பயந்து இறக்கி வைத்திருப்பார்கள். புறப்படும் முன் இரண்டு நிமிடம் செலவழித்துச் சீட்டை ஏற்றச் சொல்லுங்கள். ஜெல் உறையைவிட அது நூறு மடங்கு பயன் தரும்.

அடுத்தது சாய்வு. சமமட்டத்தில் தொடங்கி, நடுவில் அழுத்தம் தெரிந்தால் மூக்கை ஒன்றிரண்டு பாகை தாழ்த்திப் பாருங்கள். அதிகம் தாழ்த்தினால் உடல் முன்னால் வழுக்கி, உள்ளங்கையும் தோளும் வலிக்கும். போர்ட் பிளேர்க்காரர்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்த ஊரில் அபர்டீன் பஜாரைச் சுற்றிய தெருக்கள் எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ஏற்றத்தில் சைக்கிள் மொத்தமும் கிட்டத்தட்ட 6 பாகை பின்னால் சாய்கிறது. கீழே சமமட்டமாக இருந்த சீட்டின் மூக்கு அங்கே 6 பாகை மேல்நோக்கிக் கவட்டில் குத்தும். மேட்டில் வசிப்பவர் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வைப்பதும், ஏற்றத்தில் பின்னால் தள்ளி உட்காருவதும் நல்லது. நீல் தீவில் சரியாக இருந்த அதே சீட் போர்ட் பிளேரில் உறுத்துவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கடைசியாக, இந்தத் தீவுகளின் ஈரம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, இரண்டு பருவக்காற்றும் வந்துபோகும் இடம், மழை இல்லாத நாளிலும் காற்றில் கசகசப்பு. ஈரத்தில் ஊறிய தோல் மிருதுவாகி, துணியோடு உராயும்போது உலர்ந்த தோலைவிட மிக எளிதில் கிழிகிறது. அந்தச் சிறு கிழிசல்களிலும் மயிர்க்கால்களிலும் கிருமி புகுந்து கட்டியாகிறது. படர்தாமரையும் வந்து சேரும். நடுவில் தடித்த தையல் ஓடும் ஜீன்ஸ் இந்த ஊர் சைக்கிளுக்கு மிக மோசமான உடை. தினமும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர், உள்ளே தையலில்லாத பட்டை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கிக்கொள்வது நல்லது. அதற்குள் ஜட்டி அணியாமல், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்து டீ குடித்துக் கதை பேசுவதுதான் பல புண்களின் தொடக்கம். கட்டி வந்துவிட்டால் ஆறும்வரை சைக்கிள் வேண்டாம்.

தோல் சீட்டுகளில் ஆசை உள்ளவர்கள் இங்கே யோசிக்க வேண்டும். பர்மிங்காமில் 1866இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் சீட்டுகள் உலகெங்கும் புகழ் பெற்றவை. உலோகச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த தோல், ஓட்ட ஓட்ட ஓட்டுநரின் எலும்புகளுக்கு ஏற்பக் குழிந்துகொடுக்கும். வறண்ட ஊரில் அதற்கு இணை இல்லை. ஆனால் நனைந்த தோலின்மேல் உட்கார்ந்தால் நார்கள் நீண்டு, சீட் நடுவில் தொய்ந்து ஓரங்கள் உறுத்தத் தொடங்கும். காய வைக்காமல் விட்டால் பூஞ்சணம் பூக்கும். அந்தமானில் ஆண்டில் பாதிக்கு மேல் மழை. மெழுகு தடவி, உறை போட்டு, நிழலில் காய வைத்துப் பராமரிக்கப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்கலாம். மற்றவர்களுக்கு, தண்ணீர் இறங்காத மேலுறையும் உள்ளே மெல்லிய, கெட்டியான நுரையும் நடுவில் பள்ளமும் கொண்ட சாதாரண சீட் போதும், அட்டையில் அளந்த அகலத்தில் இருந்தால். வாங்கும்போது மேலே தையல் ஓடாததாகப் பாருங்கள், தையல் துளை வழியாகத்தான் மழை உள்ளே இறங்கும். உறை கிழிந்த சீட்டின் ஸ்பாஞ்ச் இந்தக் காற்றில் நாள்கணக்கில் உலராது. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உட்கார்ந்ததும் தண்ணீர் கசியும். கிழிசலைப் பார்த்த அன்றே உறையை மாற்றுங்கள், அதுவரை ஒரு பாலிதீன் பையை இறுக்கிக் கட்டி ஓட்டலாம்.